எட்டாம் நம்பர் லயத்தில் ஒரு வீகன்

2025 பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். "அப்பா, நாலு நாள் லீவு போட்டுட்டு வர்றேன். ஒரு விஷயம், நான் இப்ப வீகன்."

லைன் வழக்கம்போல விட்டு விட்டுத்தான் கேட்டது. "வீக்கா இருந்தா டொக்டர்கிட்ட காட்டும்மா" என்றேன்.

பொறுமையாக விளக்கினாள். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய் கிடையாது. தேன்கூடக் கிடையாதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, அதாவது அவளுடைய அப்பாயி, முழுவதையும் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு அங்க சம்பளம் ஒழுங்காக் குடுக்கிறதில்லையோ?" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவர். மனுசன் இதையெல்லாம் நிறுத்தினால் அவன் கையில் காசில்லை என்றுதான் அவருக்கு அர்த்தம்.

நான் தோட்டப் பாடசாலை வாத்தியார். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுவேன். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டி 'வீகன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயிர்க்கொலை வேண்டாம் என்றவர்கள் சொல்லை மட்டும் நடுவில் வெட்டிவிட்டார்கள். தமிழில் இதற்கு நனிசைவம் என்று அழகான பெயர் உண்டு. அம்மாவிடம் சொன்னேன்.

"சனிசைவந்தானே? அது நானுந்தான் புரட்டாசியில இருக்கேன்."

சமையல் குறிப்பு தேடும் படலம் தொடங்கியது. எங்கள் லயத்தில் டேட்டா சிக்னல் இஸ்தோப்பு வரைக்கும்கூட வராது. கோயில் மேட்டுக்கு ஏறி, வேப்பமரமில்லாத ஊரில் வேப்பமரத்துக்குப் பதிலாக நிற்கும் சவுக்கு மரத்தடியில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் இரண்டு கோடு தெரியும். மார்கழி மழையில் நனைந்த புல். உயிர்களிடத்தில் அன்பு செலுத்தும் உணவைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று அட்டைகள் என் காலில் பந்தி போட்டிருந்தன. அவற்றுக்கு டொனால்ட் வாட்சனைத் தெரியாது.

ஒரு வெள்ளைக்கார அம்மணி ஆரோக்கியமான சூப் ஒன்று செய்யக் காட்டினார். முதலில் அவருடைய பாட்டியைப் பற்றிச் சொன்னார். பிறகு இத்தாலிப் பயணம். பிறகு அவருடைய மன அழுத்தம். வெங்காயத்தைக் கையில் எடுத்த இடத்தில் என் ரீலோட் முடிந்தது.

மறுநாள் அட்டன் டவுனுக்குப் போனேன். கினுவா கேட்டேன். கடைக்காரத் தம்பி, "அது யாரு சேர்?" என்றான். பாதாம் இருந்தது. பாதாம் பால் எடுக்கலாம் என்று கால் கிலோ வாங்கினேன். 2024இல் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டம் கூடிக் கோஷம் போட்டு வாங்கிய நாட்சம்பளம் 1,350 ரூபாய். மனைவியின் ஒரு நாள்பேர் கிட்டத்தட்ட முழுசாக அந்தச் சின்னப் பைக்குள் போய்விட்டது. ஊறவைத்து, அரைத்து, வடிகட்டியதில் ஒன்றரை டம்ளர் பால் கிடைத்தது. எங்கள் பசு லெட்சுமி அதைவிட அதிகமாக வாளிக்கு வெளியே சிந்துவாள்.

பல குறிப்புகளில் 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்' என்று ஒன்று போடச் சொன்னார்கள். சீஸ் வாசம் வருமாம். கடையில் ஈஸ்ட் கேட்டேன், கொடுத்தான். பாண் சுடும் ஈஸ்ட்டும் அதுவும் வேறு வேறு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. லீக்ஸ் சூப்பைச் சுடச்சுட இறக்கி, கொஞ்சம் ஆறியதும் இரண்டு கரண்டி தூவிக் குடித்தேன். இரவெல்லாம் சூப் எனக்குள்ளே பொங்கியது. பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

லீக்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்டபோது மரக்கறி விதையோடு இங்கிலாந்து மாட்டையும் சேர்த்தேதான் கொண்டுவந்தார். மலைநாட்டில் வெளியூர்ச் சாப்பாட்டு ஆசைக்கு வயது அதிகம்.

நாலைந்து நாள் மேடேறி இறங்கியபின் ஒரு சந்தேகம் வந்தது. 'டெக்ஸ்சர்ட் வெஜிடபிள் புரோட்டீன்' என்று பயபக்தியோடு எழுதியிருந்ததைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்ம சோயா மீட்! தோட்டத்துக் கடையில் மாலை மாலையாகத் தொங்குகிற சாமான். 'அவக்காடோ' என்றது, மரத்தடியில் விழுந்து அணில் தின்றுவிட்டு மிச்சம் வைக்கிற ஆனைக்கொய்யா. மூளைக்கு நல்லது என்று போத்தலில் அடைத்து விற்கும் 'கொட்டு கோலா' எங்கள் லயத்துக் கானோரத்தில் யாரும் கேட்காமலே முளைக்கிற வல்லாரை. பர்மாக்காரர்கள் தேயிலைக் கொழுந்தையே புளிக்கவைத்து சாலட் செய்கிறார்களாம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "கொழுந்தைத் தின்னா நிறுவைக்கு என்னாத்தைக் குடுக்கிறது?" என்றார்.

இந்த இடத்தில் நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று எழுதி முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வாத்தியார் புத்தி விடவில்லை. ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் சேர்ந்தால் சுத்த வீகன். அந்தச் சாப்பாட்டில் வளர்ந்த கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2016இல் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3. என் வகுப்பில் முன்வரிசைக்கு எப்போதும் போட்டி இருப்பதன் காரணம் அதுதான். இன்னொன்றும் படித்தேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாதாம்; ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கவேண்டுமாம். தேயிலை எங்கள் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று மேதினக் கூட்டங்களில் தலைவர்கள் முழங்கியபோது, அது மருத்துவ விளக்கம் என்று தெரியாமல் சும்மா கைதட்டியிருக்கிறேன்.

மகள் வந்து சேர்ந்தாள். பை நிறைய பி12 மாத்திரை. அது செடிகொடியில் கிடைக்காது, மாத்திரையில்தான் எடுக்கவேண்டும் என்றாள். விஷயம் தெரிந்துதான் இறங்கியிருக்கிறாள் என்று மனம் கொஞ்சம் ஆறியது. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பருப்பை வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அப்பாயி, இதுல மாசி போட்டீங்களா?"

"கொஞ்சந்தான் பாப்பா."

"மாசி மீன் அப்பாயி!"

"மீனு கடல்ல இருக்கும். இது தூளு."

போஞ்சியில் மாசி. கோவாச் சுண்டலில் மாசி. மாலைதீவில் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரிக் காயவைத்து அனுப்புகிறார்கள். இங்கே உரலில் இடித்தபிறகு அதற்கு மீன் என்ற பேர் போய்விடுகிறது. அம்மாவின் அகராதியில் உப்பு, மிளகாய், மாசி மூன்றும் ஒரே இனம். அன்றைக்கு மகள் வெறும் சோறும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கலன்று அடுத்த பிரச்சினை. பால் பொங்காமல் பொங்கலா? தேங்காய்ப் பாலில் பொங்கலாம் என்றாள் மகள். நாலாயிரம் அடி உயரத்து அட்டனில் தென்னைக்கு என்ன வேலை? கீழ்நாட்டிலிருந்துதான் காய் ஏறிவரவேண்டும். அந்த மாதம் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. லெட்சுமியின் பால் இலவசம். அதையும் நாங்கள் குடிப்பதில்லை என்பது தனிக்கதை; காலையில் கறந்தது போத்தலோடு பால் நிலையத்துக்குப் போகும், வீட்டில் சாயத்தண்ணி. 2022இல் பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்று, கடைகளில் பால் தேத்தண்ணி நின்றுபோனபோது எங்கள் லயத்தில் யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

கடைசியில் இரண்டு பானை வைத்தோம். சூரியனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. சூரியனுடையது நுரைத்துப் பொங்கி வழிந்தது. மகளுடைய தேங்காய்ப் பால் கொதித்துத் திரிந்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு நின்றது. அம்மா இரண்டுக்கும் சேர்த்துக் குலவை போட்டார். மகள் கஜுவும் சர்க்கரையும் அள்ளிப்போட்டு அதை முழுசாகச் சாப்பிட்டாள். சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. மறுநாள் மாட்டுப் பொங்கலில் லெட்சுமியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, "உன் பாலை உன் கன்னுக்குட்டி குடிக்கட்டும்" என்றாள். லெட்சுமி அவளுடைய துப்பட்டாவைத் தின்னத் தொடங்கினாள்.

கொழும்புக்குப் பஸ் ஏறும் நாள் காலை. அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மியில் அரைத்த கட்டச்சம்பல், செக்கச்செவேலென்று. மகள் குளிருக்கு அடுப்போரம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ரொட்டி போனது தெரியவில்லை. இரண்டாவதைப் பிய்க்கும்போது மூக்கில் நீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மூன்றாவது ரொட்டியில் பாதியில் கை நின்றது. சம்பலை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். மாசியில்லாமல் கட்டச்சம்பல் எங்கே இருக்கிறது?

"அப்பாயி, உண்மையைச் சொல்லுங்க. இதுல மாசி இருக்கா?"

அம்மா தாச்சியில் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"இப்பத்தானேடி தை பொறந்திருக்கு. இருந்த காசுக்கெல்லாம் உங்கப்பன் பாதாங்கொட்டை வாங்கிட்டான். இந்த வீட்டுக்கு மாசி வர்றதுக்குப் பங்குனி ஆயிரும். நீ சாப்பிடு."