பொத்தான் அளவு கேமரா

கேள்வி: பைக்கில் கொல்லிமலை ஏறுவதை வீடியோ எடுக்க, உடம்பில் மாட்டும் குட்டி கேமரா வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: '4கே, 4கே' என்று கடைக்காரர் மந்திரம் ஓதுவார். கேட்டுக்கொண்டே எடையைப் பாருங்கள். இன்ஸ்டா360 கோ 3 வெறும் 35 கிராம்தான். காந்தப் பதக்கத்தைச் சட்டைக்குள் தொங்கவிட்டு, கேமராவை வெளியே ஒட்டினால் போதும். சட்டைப் பொத்தான் போல உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பந்தயத் தடத்தில் காந்தத்தை நம்பாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அங்கே 154 கிராம் கோப்ரோ ஹீரோ 12 மாதிரி கனமானதை, ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் இறுக்கி ஒட்டி, ஒரு கயிறும் கட்டுங்கள். உச்சந்தலையில் வேண்டாம். தாடையில் இருந்தால்தான் ஹேண்டில்பாரும் படத்தில் விழும், வளைவில் வண்டி சாய்வதும் தெரியும்.

குட்டிக்கு பேட்டரியும் குட்டி. கோ 3 தனியாக ஓடினால் அதிகபட்சம் 45 நிமிடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே டீ, குரங்கு என்று நின்றால், அது ஐம்பதாவது வளைவிலேயே கண்ணை மூடிவிடும். மெமரி கார்டும் போட முடியாது. 128 ஜிபி உள்ளதையே வாங்குங்கள். சத்தம்? முக்கால்வாசி காற்றுதான் கேட்கும். பாட்டைப் போட்டு மூடிவிடலாம்.

ஸ்பீடோமீட்டர் மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை போலீஸ்காரரும் பார்க்கலாம், உங்கள் வீட்டம்மா கட்டாயம் பார்ப்பார்.