கேட்டருகே யாரோ நிற்கிறார்கள்

கேள்வி: பகலில் வீட்டில் நான் தனியாள். கேட்டருகே ஒருவர் நின்று, "ஸ்தோத்திரம்மா, மகளுக்கு ஆபரேஷன், ஏதாவது கொடுங்க" என்றார். கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டேன். ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட மனம் வரவில்லை. செய்தது பாவமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கதவைத் திறக்காதது பாவம் இல்லை, சகோதரி. ஸ்தோத்திரம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அது அடையாள அட்டை ஆகாது. ஆனால் ஜன்னல் வழியே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? மகளைப் படுக்கையில் விட்டு வந்த தகப்பனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். "சாயங்காலம் வீட்டுக்காரரோடு வருகிறேன், பணத்தை ஆஸ்பத்திரி கவுண்டரிலேயே கட்டுகிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னால் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் அதற்காக முழங்கால் போடலாம்.

கேள்வி: கேட்கிற எவருக்கும் கொடுக்கச் சொன்னாரே இயேசு?
— வாசகர், நாசரேத்

பதில்: சொன்னார். கேட்டதையே கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அலங்கார வாசலில் பிச்சை கேட்டவருக்குப் பேதுரு காசு போடவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி நடக்க வைத்தார்.

கேள்வி: நல்ல சமாரியன் நம்மைப்போல இத்தனை யோசித்தாரா? ஓடிப்போய்த் தூக்கினாரே!
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, அந்தக் கதையை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. வளைவுகளும் பாறை மறைவுகளுமாக, பதுங்குகிறவனுக்கு வசதியான இடம். மார்ட்டின் லூதர் கிங் மனைவியோடு அந்தச் சாலையில் காரில் போயிருக்கிறார். 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில் பேசியபோது அதை நினைவுகூர்ந்தார். ஆசாரியனும் லேவியனும் பயந்துதான் விலகியிருப்பார்கள், வழியில் அடிபட்டுக் கிடப்பவன் கள்ளனோ, வேஷம் போடுகிறானோ என்று நினைத்திருப்பார்கள் என்றார். நின்றால் எனக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. நிற்காவிட்டால் இவனுக்கு என்ன ஆகும் என்பது சமாரியனின் கேள்வி. அப்படிப் பேசியவர் மறுநாள் கொல்லப்பட்டார். ஆகவே அபாயமே வராது என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன்.

ஆனால் சமாரியன் அடுத்துச் செய்ததையும் பாருங்கள். காயத்தைக் கட்டினார், வாகனத்தில் ஏற்றினார், நேரே சத்திரத்துக்குப் போனார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அங்கே இரவு தங்கிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்தார். மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லி, தன் பயணத்தைத் தொடர்ந்தார். காயம்பட்டவன் கையில் காசு தந்ததாகக் கதையில் இல்லை. முழு இரக்கம், முழு ஏற்பாடு, நடுவில் பொறுப்பேற்க மூன்றாவது ஆள். தனியாகத் தாங்க முடியாத உதவிக்கு நாமும் ஒரு சத்திரக்காரரைத் தேட வேண்டும். போதகர், பங்குத்தந்தை, ஆஸ்பத்திரி, காவல் நிலையம், பக்கத்து வீட்டு அண்ணாச்சி, யாராகவும் இருக்கலாம்.

கேள்வி: ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்தப் பயத்துக்குச் சட்டம் முடிவு கட்டிவிட்டது. உதவுகிறவர்களைக் காக்கும் விதிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நடு ராத்திரி, ஆளில்லாத ரோடு, காரில் நீங்கள் மட்டும் என்றால், கொஞ்சம் தள்ளி வெளிச்சத்தில் நிறுத்தி 108க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். வண்டி வந்து சேரும்வரை அங்கிருந்து நகராதீர்கள். அதுவும் உதவிதான்.

கேள்வி: அறியாமலே தேவதூதர்களை உபசரித்தவர்கள் உண்டே. வாசலில் நிற்பவர் தூதராக இருந்துவிட்டால்?
— வாசகி, வேளாங்கண்ணி

பதில்: ஆபிரகாம் வீட்டுக்கு வந்தவர்களைத்தானே சொல்கிறீர்கள்? அவர்களை அவர் உட்காரவைத்தது கூடாரத்துக்கு வெளியே, மரத்தடியில். சாராள் உள்ளேயே இருந்தாள். தண்ணீர், அப்பம், கன்றின் கறி எல்லாம் மரத்தடிக்கே வந்தன. தூதர்கள் வருத்தப்படவில்லை.

கேள்வி: 'ஊழியக்காரர்' என்று சொல்லிக்கொண்டு வந்து வாரக்கணக்கில் தங்குகிறார். போகச் சொல்ல வாய் வரவில்லை.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆதித் திருச்சபைக்கே இருந்த தலைவலி இது. 'திதாக்கே' என்று மிகப் பழைய திருச்சபைக் கையேடு ஒன்று உண்டு. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் பிரையென்னியோஸ் என்பவர் அதன் பிரதியைக் கண்டெடுத்தார். அதன்படி, ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த தங்குமிடம்வரை அப்பம் கொடுக்கலாம், பணம் கேட்டால் அவரும் கள்ளர். அங்கேயே குடியிருக்க விரும்பும் வழிப்போக்கர் உழைத்துச் சாப்பிட வேண்டும். இவ்வளவு கறாராக எழுதியவர்கள் பக்தியில் நமக்குக் குறைந்தவர்களா? நாளைக் காலை காப்பி கொடுத்து, பஸ் டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக்கொடுத்து அனுப்பிவையுங்கள்.

கேள்வி: எங்கள் சபை ஐயர் படத்தோடு வாட்ஸ்அப் வந்தது: 'அவசரம், இந்த நம்பருக்கு ஜிபே செய்யவும்.'
— வாசகி, சென்னை

பதில்: ஐயரின் பழைய நம்பருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: பொய் சொல்லி 500 ரூபாய் வாங்கிப் போய்விட்டான் ஒருவன். இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் அவன் எடுத்தது 500 ரூபாய் மட்டும். அடுத்து வரப்போகிற, நிஜமாகவே பசித்தவரின் பங்கையும் அவன் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்? தனியாகக் கொடுக்கத் தயக்கமென்றால் உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று கேளுங்கள். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. ஏழைகளின் வீட்டுக்கு அவர்கள் இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள். இயேசு சீஷர்களை அனுப்பியதும் அப்படித்தான். பணம் கொடுப்பதோடு நின்றுவிடாமல் ஒருநாள் நீங்களும் கூடப் போங்கள். ஏமாற்றியவன் முகம் மறந்து, வேறு முகங்கள் மனதில் நிற்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறார். நாங்கள் துபாயில் பயந்து கிடக்கிறோம்.
— வாசகர், துபாய்

பதில்: சோறு போடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர் உடைந்துபோவார். திண்ணைக்கு இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுங்கள், தட்டு நுழைகிற அளவுக்குக் கீழே இடைவெளி விடச் சொல்லுங்கள். நகை பாங்க் லாக்கருக்குப் போகட்டும். யாராவது வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சோறு எடுக்கப் போகட்டும். சபையின் வாலிபர் சங்கத்தில் சொல்லி, தினம் ஒருவர் எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.