கமா அண்ணன்

எங்கள் ஊரில் அவரைக் கமா அண்ணன் என்றால்தான் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் மூன்றெழுத்து. அதற்குப் பின்னால் பி.எஸ்ஸி., எம்.ஏ., எம்.பில்., பி.எட்., என்று பட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கடைசிப் பட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கமா உண்டு. பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, அடுத்த பட்டத்துக்கு அவர் இடம் பிடித்து வைத்திருப்பது அது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். அவர் தெருமுனையில் திரும்பும்போதே ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினை ஆன் செய்துவிடுவார். வீட்டுக் கூடத்தில் கறுப்பு அங்கியும் சுருட்டிய காகிதமுமாக ஒரு பட்டமளிப்புப் படம் தொங்கும். அங்கி ஸ்டூடியோக்காரருடையது. காகிதம், போன வருஷக் காலண்டர்.

முதல் பட்டத்துக்குத்தான் அண்ணன் கல்லூரிக்குப் போனார். அதற்குப் பிறகு அண்ணாமலை, மதுரை காமராசர், இக்னோ என்று பல்கலைக்கழகங்களே தபாலில் அவரைத் தேடி வந்தன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று 2022இல் யு.ஜி.சி. அறிவித்த அன்று, டீக்கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் வடை. அதே ஆண்டு எம்.பில்.லுக்கு மூடுவிழா என்று செய்தி வந்தது. வருத்தப்படுவார் என்று நினைத்தோம். "இனிமே எவனும் வாங்க முடியாதுல்ல!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வேலை? அந்தக் கேள்விக்குத்தானே இத்தனை பட்டமும்! "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால், "படிச்சிட்டிருக்கேன்" என்பார். கேட்டவர் வாயடைத்துப் போவார். நாற்பதை நெருங்கும் ஒருவரைச் 'சும்மா இருக்கான்' என்று சொல்ல முடியாமல் சொந்தக்காரர்கள் தவிக்கிறார்கள்.

குரூப் 4 தேர்வை மட்டும் அவர் விடுவதில்லை. அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். இருந்தாலும் கல்வித்தகுதி கேட்கும் இடத்தில் அத்தனையையும் நிரப்பிவிட்டுத்தான் போவார். போன முறை பிளஸ் டூ முடித்த அக்கா மகளும் உடன் எழுதினாள். இன்று அவள் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். "கேள்வியெல்லாம் பத்தாவது தரம்மா. அந்த அளவுக்கு நம்மால இறங்க முடியல" என்றார் மாமா.

பட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று அவரிடம் யாரும் வாதாட முடியாது. அரசாணையையே காட்டுவார். வேலையில்லாதோருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை, பத்தாவது தேறியவருக்கு 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. "பார்த்தியா, ரெண்டு மடங்கு!" மூன்று ஆண்டுகளுக்குத்தான் அந்தத் தொகை என்பதையும், வேலையில்லாமல் இருந்தால்தான் கிடைக்கும் என்பதையும் அவர் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. முன்பு வாங்கிய 600இல் அடுத்த படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர் அவர்.

போன மாதம் எலக்ட்ரீஷியன் மகன் அவரிடம் யோசனை கேட்க வந்தான்.

"அண்ணே, காலேஜ் சேரவா, ஐ.டி.ஐ. போகவா?"

டீக்கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐ.டி.ஐ. போடா. கைத்தொழில் இருந்தா சோத்துக்குக் கவலையில்ல."

எல்லோரும் அசந்துபோனோம். சர்வ பட்டங்களும் பெற்றவர் வாயிலிருந்து வந்த வார்த்தையா இது?

"வேலைக்குச் சேர்ந்ததும் வந்து பாரு. தபால்ல ஒரு பி.ஏ. போட்டுடலாம். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்ல?"