பாப்பம்: ஓர் இலக்கண, சோதிட, வேலியடைப்பு ஆய்வு

தைப்பொங்கலுக்கு மறுநாள் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கமே இவ்வாய்வின் மூலச்சுவடி. அதில் என் கையெழுத்தில் ஐந்து வாழ்க்கை இலக்குகள் உள்ளன. மாரிக்கு முன் தெற்கு வேலிக்குக் கதியால் போட வேணும். கடைவாய்ப் பல்லைக் கொண்டுபோய்க் காட்ட வேணும். சிங்களம் படிக்க வேணும். ஒரு நாவல் எழுத வேணும். ஐந்தாவதுக்குப் பிறகு வருவோம். ஆவணி பிறந்தும் ஐந்தும் அப்படியே இருந்தன.

"தம்பி, வேலி என்ன மாதிரி?" என்று அம்மா கேட்டா.

"பாப்பம் அம்மா."

இதைப் 'பார்ப்போம்' என்பதன் வெறும் பேச்சுத் திரிபென்று கருதுவோர் விகுதியைக் கவனியாதோர். தன்மைப் பன்மையில் அம், ஆம் என்பன முன்னே நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்க்கும் என்று நன்னூலார் வகுத்திருக்கிறார். ஆகவே சென்னைக்காரர் 'பார்ப்போம்' என்றால் பொறுப்பு எங்கோ இருக்கும் மூன்றாமவரிடம் போகிறது. நாங்கள் 'பாப்பம்' என்றாலோ கேட்டவரே பங்காளி. வேலி அடைபடாத குற்றத்தில் சரிபாதி அம்மாவுக்கு. வினையடியும் நோக்கத்தக்கது. செய்வதாக எவரும் வாக்குக் கொடுக்கவில்லை, பார்ப்பதாகத்தான் பேச்சு. வேலியை நான் நாள் தவறாமல் பார்க்கிறேன்.

அடுத்தது காலக் கணக்கு. இராகுகாலம் நாளுக்கு ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. கிழமைக்கு 21 மணித்தியாலம், அதாவது பகற்பொழுதில் காற்பங்கு, இப்படியே கழிகிறது. அட்டமி, நவமி, கரிநாள், செவ்வாய்க்கிழமை ஆகியவற்றைத் தள்ளினால் மிச்சத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள் வந்து நிற்கும். கொடியேறின பிறகு கதியால் வெட்டுகிறவனை ஊர் என்ன சொல்லும்?

இந்த 'ஊர் என்ன சொல்லும்' மேனாட்டு அறிஞருக்குப் பிடிபடாத இடம். அவசரமானது வேறு, முக்கியமானது வேறு என்ற கருத்தை அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1954இல் ஓர் உரையில் எடுத்துச் சொன்னார். பின்வந்தோர் அதை நாலு பெட்டியாக்கி அவர் பெயரையும் ஒட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்தாவது பெட்டி ஒன்று உண்டு. அவசரமுமில்லை, எனக்கு முக்கியமுமில்லை, ஆனால் போகாவிட்டால் கதை வரும் என்பவை அதற்குள் அடங்கும். சாமத்தியவீடு, குடிபூரல், ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மாமியாருடைய அந்தியேட்டி. ஐந்தாம் பெட்டி நிரம்பாத கிழமையை நான் கண்டதில்லை. என் நாவலின் முதல் அத்தியாயம் இரண்டு தரம் அந்தப் பெட்டிக்குள் விழுந்து செத்தது.

விதிவிலக்கும் இருந்திருக்கிறது. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வெஸ்லியன் மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டார். அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. கலியாணமும் செய்யவில்லை. உத்தியோகத்தை வெட்டி, கலியாணத்தையும் வெட்டியபின் மிஞ்சியவை பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும். இந்த முறையை என் தாளிலும் பரீட்சித்தேன். பல்லை வெட்ட முடியாது, நோகிறது. சிங்களத்தை வெட்டினால் கொழும்பில் வாய் திறக்க ஏலாது. நாவலை வெட்ட மனம் வரவில்லை. வேலியை வெட்டலாம் என்றால் பக்கத்து வீட்டு மாடு ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தத்துவத்தில் ஒதுங்கினேன். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளின் மகாவாக்கியங்கள் நான்கில் ஒன்று 'எப்பவோ முடிந்த காரியம்'. கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (1872–1964) வழியாக அது ஊரெல்லாம் பரவியது. முடிந்த காரியத்தை மறுபடி செய்வது கூறியது கூறல் போன்றதொரு குற்றம் அல்லவா என்று அம்மாவிடம் வாதிட்டேன்.

"அது சாமி சொன்னது. நீ கத்தியை எடு."

அன்று வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. இராகுகாலம் பன்னிரண்டு வரைக்கும் என்பதால் கத்தியை எடுக்கவில்லை.

இனி ஐந்தாவது இலக்கு. தேர்த் திருவிழாவன்று அம்மா நல்லூருக்குப் போகும்போது, திருநீறு மடிக்கக் கைக்கு அகப்பட்ட தாளைக் கொண்டுபோனா. திரும்பி வந்த தாளில் நாலு வரி தெளிவாக இருக்கிறது. ஐந்தாம் வரி வியர்வையிலும் திருநீற்றிலும் கரைந்து வெள்ளையாகிவிட்டது. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். 'வேணும்' என்பது மட்டும் தெரிகிறது.