தெருமுனைப் பீதி: ஒரு முன்னோட்ட ஆய்வு

‘கேஸை மூடினோமா?’ என்ற ஐயம் எங்கே பிறக்கிறது? மனத்தில் என்பர் உளவியலார். தெருமுனையில் என்பதே இக்கட்டுரையின் துணிபு. வாசலில் அது பிறப்பதே இல்லை. இரண்டு எட்டில் போய்ப் பார்த்துவிடலாம் என்றால் பயத்துக்கு என்ன மரியாதை? ஆட்டோ பேரம் படிந்து, பைகள் ஏறி, ரயிலுக்கு முக்கால் மணி நேரமே இருக்கும்போதுதான் “என்னங்க, கேஸை மூடினேனா?” என்று வரும். “மூடின, நான் பாத்தேன்” என்பது கணவர் தரப்பின் மரபான விடை. அவர் பார்க்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். சாவி கைமாறும்.

இதை வீண்பயம் என்று தள்ளுவதற்கில்லை. அச்சத்துக்கு அறிவுடைமை அதிகாரத்திலேயே இடம் கொடுத்தவர் வள்ளுவர் (குறள் 428). ஆட்டோவின் வெயிட்டிங் சார்ஜ் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சமையல் வாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. நம் மூக்கைச் சுளிக்க வைப்பது அதில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன். அதாவது, நாம் பயப்பட வேண்டும் என்றே காசு செலவழித்து நாற்றம் கலக்கிறார்கள். கசிந்த வாயு காற்றைவிடக் கனம். தரையோடு படுத்துக் கிடக்கும். சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வருபவர் செய்யும் முதல் காரியமோ, இருட்டாயிருக்கிறதே என்று லைட்டைப் போடுவது.

களஆய்வு என் வீட்டிலேயே நடந்தது. மூன்று முறை திரும்பினேன். மூன்று முறையும் கேஸ் மூடித்தான் இருந்தது. மூன்றாம் முறை மட்டும் மாடித் தொட்டி வழிந்து, தண்ணீர் படியிறங்கிக்கொண்டிருந்தது. கேஸ் பயத்தால் மோட்டார் பிழைத்தது.

பயம் வர வேண்டிய இடங்களில் வராது என்பது இரண்டாம் கண்டுபிடிப்பு. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டில் ‘பி-27’ என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி ஆண்டின் நான்கு காலாண்டுகள். பி-27 என்றால் 2027 ஜூனோடு அதன் சோதனைக் கெடு முடிகிறது. இதை எண்ணித் தெருமுனையிலிருந்து திரும்பியவர் எவரையும் நான் அறியேன். ரப்பர் ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் வீட்டு ட்யூபில் அச்சிட்டிருந்த வருஷத்தைப் படித்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். அந்த ட்யூபுக்குக் கீழேதான் என் மனைவி பல்லியைக் கண்டு அலறுவாள். பல்லிக்கு விஷம் கிடையாது.

தீர்வாக, கிளம்பும்முன் அடுப்புத் திருகை செல்போனில் படமெடுக்கும் முறையைப் புகுத்தினேன். போன மாதம் ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதும் அவள் கேட்டாள். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது போன தடவ எடுத்ததுதானே?”