பனியன் புராணம்

திருப்பூரில் பனியனோடு வாசலில் உட்காரும் உரிமைக்காக நான் சரித்திரம் படிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்டது, ஆயில் கறை, ஓட்டை என்று நாள் முழுக்கப் பழுது தேடிப் பழகிய கண்ணுக்கு, வீடு திரும்பியதும் முதலில் அகப்படுவது நான்தான். கழுத்துப் பட்டி தொங்கிப்போய், கக்கத்தில் ரெண்டு விரல் நுழைகிற ஓட்டையோடு இருப்பேன். ஒருநாள் பழுது காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரையே ஒட்டிவிட்டாள். அம்பு துணியைக் காட்டியதா, ஆளைக் காட்டியதா என்று கேட்கிற தைரியம் வரவில்லை.

"இது லேசுப்பட்ட உடுப்பில்லை" என்று ஆரம்பித்தேன். குஜராத்தியில் வாணியோ என்றால் வியாபாரி. அரபுக்காரர் வாயில் அது பனியானாகி, போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் வணிகனும் பங்காளிதான்; யார் யாருக்குக் கொடுத்தது என்று தமிழய்யாக்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பாரசீகத்துப் பந்தர் அப்பாஸில் இந்த வியாபாரிகள் கூடிய ஆலமரத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட தொளதொள அங்கியும் பனியன்தான். லண்டன் நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ் 1666-லேயே இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, படம் வரையச் சொல்லி உட்கார்ந்தார்.

"உங்களுது வாடகைக்குக்கூடப் போகாதுங்க" என்றாள்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் கறி போடாத நாளுக்குப் 'பனியன் நாள்' என்று பேர், அந்த வியாபாரிகள் சைவம் என்பதால் என்றேன். இவ்வளவு சரித்திரத்தில் அது மட்டும் அவள் காதில் ஏறியது. "அப்ப நீங்க பனியன் போட்ட நாளெல்லாம் கறி கிடையாதுங்க." நான் பனியன் போடாத நாளேது?

பக்கத்து லைன் வீட்டு வங்காளத் தம்பிகள் பனியனைக் கெஞ்சி என்கிறார்கள். இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் கெர்ன்சி தீவின் பேர் அப்படித் திரிந்ததாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு அந்தச் சொல்தான் பொருந்துகிறது.

நீங்கள் இந்த ஊருக்கு வந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். உள்ளே தைப்பது டீ ஷர்ட்டோ, சீமைக் குழந்தைக்குக் கவுனோ, போர்டில் கார்மெண்ட்ஸ், எக்ஸ்போர்ட்ஸ் என்று என்ன எழுதியிருந்தாலும் அது பனியன் கம்பெனிதான். ஆட்டோக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். "எந்தப் பனியன் கம்பெனிங்க?" என்பார். அட்ரஸையும் கையோடு கொண்டுவாருங்கள்.