ஓட்டை ரெண்டுதான் பேராண்டி

வா பேராண்டி, இஸ்தோப்புல உக்காரு. கால நீட்டு பாப்போம். முழுசா நீட்ட வரலையா? மடக்கவும் ஏலலையா? அப்பச் சரி, நாளு நல்லாத்தான் இருக்கு, இன்னிக்கே சைக்கிள எடு. அம்மாகிட்ட கேக்காத, கேட்டா தடுக்கும். நேரா ரதல்ல குறுக்கு வீதிக்குப் போ, பிரேக்கத் தொடாம எறங்கு. நான் தப்பு செட்டுக்குச் சொல்லி வச்சிட்டேன். நம்ம பையன்தானே, முன்பணம் வேணாம்னுட்டானுங்க.

மொறைக்காத. ஒன் ரோசம் எங்க புடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும். முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு லயத்துல இருக்க அத்தனை பேரும் மைலோ பைக்கட்டோட ஒன்னப் பாக்க வந்தாங்க. ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருக்கும்னு வந்தவங்களுக்குப் பெரிய ஏமாத்தம். முட்டிச் சிரட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, சேத்து அளந்தாலும் ஒரு அங்குலம் தேறாது. தொங்கக் காம்பராக் கெழவி, "இதுக்கா கண்டி வரைக்கும் போனான்?"னு கேட்டுட்டு, மைலோவத் திருப்பி எடுத்துட்டுப் போகலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு. அப்ப இருந்து நீயும் நம்பிட்ட, ஓட்டை சின்னதுன்னா வேலையும் சின்னதுதான்னு.

தோலுக்கு வெளிய நடந்தது ஓட்டை. உள்ளுக்கு ஒரு பக்கத்தால கேமரா, மறுபக்கத்தால கத்தி. மூட்டுக்குள்ள உப்புத்தண்ணிய ஓடவிட்டு ஊத வச்சு, டீவியப் பாத்துக்கிட்டே டாக்டர் ஒன் ஜவ்வுல கை வச்சிருக்காரு. அடிபட்ட அன்னிக்கு நீ சறுக்கையில பாதம் சேத்துல ஊனி நின்னுச்சு, ஒடம்பு மட்டும் திரும்புச்சு, நடுவுல மாட்டின ஜவ்வு கிழிஞ்சுச்சு. நீ அதக் கிழிச்ச, அவரு சரி பண்ணினாரு. இப்ப நீ அவரோட வேலையையும் சேத்துக் கெடுக்கப் பாக்கற.

பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒரு ராத்திரி எனக்கு இதப் பத்தி வாசிச்சுக் காட்டினாரு. அதுல இருந்து நான் பாதி டாக்டரு, கவனமாக் கேட்டுக்க. 1918ல தோக்கியோவுல கென்ஜி தக்காகின்னு ஒரு டாக்டர், மூத்திரப்பைக்குள்ள பாக்கிறதுக்குன்னு இருந்த குழாய எடுத்து, ஒரு பொணத்தோட முட்டிக்குள்ள விட்டுப் பாத்தாராம். சிரிக்காத. அந்தக் காலத்துல அங்க காசநோய் முட்டியில எறங்கி, மடக்க ஏலாம ஆக்கிப்புடுமாம். அவங்களும் நம்மளப் போல தரையில உக்காந்து எழும்புற சனம், மடங்காத முட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? அதான் உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்கப் போனாரு. அவரு சிஷ்யப்புள்ள மசாக்கி வத்தனாபே. 1962 மே மாசம், கூடைப்பந்து வெளயாடி முட்டியத் திருகிக்கிட்ட 17 வயசுப் பையன் ஒருத்தனுக்கு, குழாய் வழியாப் பாத்தபடியே கிழிஞ்ச ஜவ்வ நறுக்கி எடுத்தாரு. ஆறு வாரத்துல அந்தப் பையன் திரும்பவும் பந்து வெளயாடினான்.

ஆறு வாரம். காதுல விழுந்துச்சா? அந்த வித்தையக் கண்டுபுடிச்சவர் கையால வெட்டிக்கிட்டவனுக்கே ஆறு வாரம். நீ ரெண்டாவது வாரத்துலயே டயருக்குக் காத்து அடிச்சு வச்சிருக்க.

ஒங்கப்பன் எனக்கும் அப்படி ஒரு ஓட்டை போட்டுக்கச் சொல்றான். நான் மாட்டேன்னுட்டேன், பயத்துல இல்ல. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல தேஞ்சுபோன முட்டிக்காரங்க 180 பேர வச்சு ஒரு சோதனை நடத்தி, 2002ல வெளியிட்டாங்க. கொஞ்சப் பேருக்கு மெய்யாவே உள்ள விட்டுக் கழுவினாங்க, கொஞ்சப் பேருக்கு வழிச்சும் எடுத்தாங்க. மத்தவங்களுக்குத் தோல மட்டும் கீறித் தைச்சு அனுப்பிட்டாங்க. அப்படியும் நடக்கலாம்னு முன்னாடியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கிட்டுத்தான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா எல்லாக் கூட்டமும் ஒரே நெலையில நின்னுச்சு. வெளங்குதா? வயசுல தேஞ்ச முட்டிக்கு ஓட்டை மருந்தில்ல. ஒன்னோடது எளசு, திருகிக் கிழிஞ்சது, அது வேற கதை.

தேஞ்ச முட்டி எப்படி இருக்கும்னு பாக்கணும்னா எங்கயும் போக வேணாம். நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்தச் சொமந்து செங்குத்து மலையில ஏறி எறங்கின ஒங்க அப்பாயி முட்டியப் பாரு. அதுக்குள்ள எவனும் கேமரா விட்டுப் பாக்கல. கோடாலித் தைலத்தத் தேச்சுக்கிட்டு, விடிஞ்சா பெரட்டுக்களத்துக்குப் போச்சு. அதுக்கு ஒருத்தரும் மைலோ கொண்டாந்து குடுக்கல.

சரி, ஒன் கதைக்கு வருவோம். அன்னிக்கு எங்கிட்ட போனுல ஒரு பொம்பளப்புள்ளயக் காட்டினியே, ஜோன் பெனாய்ட்னு, 17 நாளுல ஓடினாங்கன்னு. மெய்தான். 1984 ஏப்ரல்ல முட்டியில இதே ஓட்டை போட்டு, 17ஆம் நாள் மாரத்தன் தேர்வுல ஓடி ஜெயிச்சாங்க. அந்த வருஷமே ஆகஸ்டுல லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குல, பொம்பளைங்களுக்குன்னு மொதமொதல்ல வச்ச மாரத்தன்ல தங்கமும் எடுத்தாங்க. ஆனா நீ பாதியத்தான் வாசிச்சிருக்க. அவங்க முட்டிக்குள்ள ஒட்டிக்கெடந்த நாரத்தான் வெட்டி எடுத்தது. கால வச்சு மிதிக்க ஏலாத நாள்ல பெடலக் கையால சுத்திக்கிட்டுக் கெடந்தவங்க அவங்க. நீ அந்த நாள்ல போனத்தான் சுத்திக்கிட்டுக் கெடந்த.

மொதல்ல ஒன் ஆஸ்பத்திரித் துண்ட எடுத்து வாசி. கிழிஞ்சத வெட்டி எடுத்தாங்களா, இல்ல வச்சுத் தைச்சாங்களா? ஜவ்வோட வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் இருக்கு. அங்க கிழிஞ்சா தைப்பாங்க, ஒட்டும். உள் ஓரத்துக்கு ரத்தம் போகாது, அங்க கிழிஞ்சா நறுக்கி எடுத்துப்புடுவாங்க. நறுக்கினது சீக்கிரம் நடக்கும். தைச்சது அப்படியில்ல. பல வாரத்துக்குப் பட்டையும் ஊனுகோலும், மாசக்கணக்குல குந்தக்கூடாது. துண்டுல இங்கிலீசு வெளங்கலைன்னா கிளினிக்குல வாயத் தொறந்து கேளு. அடுத்த லயத்துப் பையன் எப்ப சைக்கிள் விட்டான்னு கேக்காத. அவனுக்கு வெட்டினது, ஒனக்குத் தைச்சதுன்னா அவன் கணக்கு ஒனக்கு எதுக்கு?

இப்பத் தொடையத் தொட்டுப் பாரு. அந்தக் காலு தொடைக்கும் இந்தக் காலு தொடைக்கும் வித்தியாசம் தெரியுதா? முட்டி வீங்கினா தொடைச் சதை பயந்து வேலைய நிறுத்திப்புடும். நீ போடச் சொன்னாலும் போடாது. சில நாளுலயே இளைச்சிரும். கவ்வாத்து வெட்டின மலைக்கு மறுநாள் கூடையத் தூக்கிக்கிட்டு கொழுந்து ஆயப் போவியா? துளிர்க்கிறதுக்கு அதுக்கு மாசம் வேணும்னு ஒனக்குத் தெரியும். இதுக்கு மட்டும் வேணாமா? குதிகாலுக்கு அடியில துண்டுத்துணியச் சுருட்டி வச்சு, முட்டியக் கீழ அமுக்கிப் புடி. கால நேரா வச்சுத் தூக்கு, எறக்கு. பாதத்த முன்னயும் பின்னயும் ஆட்டு. இந்த வேலை பாக்கிறதுக்கு ஒண்ணும் அழகா இருக்காது, படம் புடிச்சுப் போட ஏலாது. அதனாலதான் நீ செய்யல.

வீக்கத்துக்கு நானுஓயாவுல ஐஸ் தேடி யாரும் கடைக்குப் போக வேணாம். பீலித்தண்ணியில துணிய நனைச்சுப் புழிஞ்சு, ஓட்டையில ஈரம் படாம ஒறையச் சுத்தி, கால மணித்தியாலம் வை. தைலத்தக் காயத்து மேல தேச்ச, நானே கையில அடிப்பேன். லயத்துப் படியில ஏறையில நல்ல காலு மொதல்ல, எறங்கையில நோகுற காலு மொதல்ல. இது தெரியாம படியெல்லாம் "அம்மா"ன்னு கத்திக்கிட்டு ஏறுற.

ஒனக்கு மிதிச்சே ஆகணும்னா மிதி, நான் தடுக்கல. 2022ல பெட்ரோல் லீட்டர் 470 ரூவாய்க்குப் போனப்ப வாங்கின வண்டிதானே, சும்மா நிக்கிறதப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது. ஆனா மொதல் பயணம் இந்த இஸ்தோப்புலதான். எங்கிட்ட ஒரு பழைய எரட்டைக்கால் ஸ்டாண்டு கெடக்கு, மாட்டித் தர்றேன். பின் சில்லு தரையில படாது. செவத்தப் புடிச்சுக்கிட்டு ஏறு. சீட்டக் கொஞ்சம் ஒசத்திக்க. பெடல் அடியில வர்றப்ப குதிகால வச்சா காலு நேரா நிக்கணும், அதான் அளவு. சீட்டு தாழ இருந்தா முட்டிச் சிரட்டையிலதான் பாரம் எறங்கும். ஒரு சுத்து முழுசா வர முட்டி 110 பாகையாவது மடங்கணும். மடங்காத வரைக்கும் முன்ன பாதி, பின்ன பாதி, ஊஞ்சல் ஆட்டமா ஆட்டு. பின்பக்கமாச் சுத்து, அதுதான் மொதல்ல வரும். கியரு லேசானது, சுத்து வேகமானது. ஸ்டோருல மிஷினுக்குக் காவலா ரோதமுனிய வச்சுக் கும்பிடுறோமே, சுத்துற ரோதை எல்லாம் அவரு பொறுப்புதான். ஸ்டாண்டுல நிக்கிற ஒன் சில்லையும் பாத்துக்குவாரு. ரோட்டுல எறக்கிட்டா என்னக் கேக்காதன்னுப்புடுவாரு.

ரோட்டு விசயத்துல யாழ்ப்பாணத்துல பொறந்திருந்தீன்னா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அங்க தரை தட்டை, சைக்கிளுன்னா சைக்கிள். நம்ம கெடக்குறது கடலுக்கு 1,600 மீட்டர் மேல. டவுனுக்குப் போனா இன்னும் 250 மீட்டர் ஏறணும். வெள்ளைக்காரன் ரயிலுப் பாதை போட்டப்பக்கூட, 44 அடி போனா 1 அடிக்கு மேல ஏறக்கூடாதுன்னு கணக்கு வச்சுத்தான் மலையச் சுத்திச் சுத்திக் கொண்டாந்தான். அந்த ரயிலு நானுஓயாவுக்கு வந்தது 1885ல. பதுளைக்குப் போய்ச் சேந்தது 1924ல. 39 வருஷம்! இன்ஜின் இருந்துச்சு, காசு இருந்துச்சு, கூலிக்கு ஆளு இருந்துச்சு, அப்படியும் பொறுத்துத்தான் போனான். நீ நல்ல நாள்லயே தேத்தண்ணி கொதிக்கிற வரைக்கும் பொறுக்க மாட்ட.

ஏத்தத்துல நீ எறங்கித் தள்ளுவ, அது பரவால்ல. எனக்குப் பயம் எறக்கம்தான். மூடுபனி, ஈர ரோடு, முன்னால ஒரு ஆட்டோ திடீர்னு திரும்பும், நீ நோகுற கால டக்குன்னு ஊனுவ, ஒடம்பு திரும்பும். மறுபடி அதே ஜவ்வு. ரதல்ல வீதியப் பத்தி ஒனக்கு நான் சொல்லணுமா? 2023 ஜனவரியில ஒரே ராத்திரியில விபத்துல ஏழு பேரக் குடுத்தோம் அங்க. அதுல நான் வெளயாட்டுப் பேச்சுப் பேச மாட்டேன்.

இன்னும் ஒண்ணு, இதுவும் வெளயாட்டில்ல. கெண்டைக்காலு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, முட்டி கொதிச்சுக் காய்ச்சல் வந்தாலோ, என்னத் தேடி வராத, வாத்தியாரையும் தேடாத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ.

அது சரி, ரதல்லையில அப்படி என்ன அவசரம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மில்லு ரோட்டுக்கு மேல, பச்சைக் கதவு வீடு. அந்தப் புள்ள தையல் கிளாஸுக்குப் போயிட்டு வர்ற நேரமும் நீ சைக்கிள்ல காத்து வாங்குற நேரமும் ஒண்ணா இருக்கிறத தோட்டமே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. மடையா, ரெண்டு கைய விட்டு வண்டி ஓட்டிக் காட்டினப்ப அது திரும்பியாவது பாத்துச்சா? பஸ்ஸுல போ. ஊனுகோல எடுத்துக்க, பட்டைய வெளிய தெரியிற மாதிரிக் கட்டிக்க, அந்த வாசலுக்கு நேரா வந்ததும் கொஞ்சம் நில்லு, மொகத்தச் சுளிச்சுக்க. அவங்க அம்மாவே நாற்காலி போட்டுத் தேத்தண்ணி குடுக்கும். எங்க காலத்துல இந்த மாதிரி ஓட்டை கெடைக்கல. கெடைச்சிருந்தா நான் ஒரு வருஷம் நொண்டியிருப்பேன்.